இருட்டுக்கும் கணக்கு வேண்டும்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு மின்கட்டணம் கட்ட 20 நாள் கெடு. மீட்டர் கணக்கெடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். கெடு தாண்டினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாமதத்தைப் பற்றி யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, யாரும் மனுப் போட வேண்டியதில்லை. கணினியே கண்டுபிடித்துவிடுகிறது. பட்டியலில் இணைப்பு எண் ஏறுகிறது, ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறார், மறுஇணைப்புக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினால்தான் விளக்கு எரியும். இப்போது அதே வீட்டில் இரவு 10 மணிக்குப் போன கரண்ட் மறுநாள் மாலை 6 மணிக்குத்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தாமதத்துக்கும் சட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது. ஆனால் அந்த விலை அடுத்த கணக்கீட்டில் தானாகக் கழிந்திருப்பதைப் பார்த்தவர்கள் அரிது. அப்படி ஒரு தொகை உண்டு என்று கேள்விப்பட்டவர்களே குறைவு. நுகர்வோரின் தாமதம் நாள் பிசகாமல் பதிவாகிறது, நிறுவனத்தின் தாமதம் காற்றோடு போய்விடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே எழுதிவைத்த கணக்கைத் திறந்து காட்டினால் போதும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் 57-ஆவது பிரிவு செயல்தரம் பற்றியது. மின் விநியோக நிறுவனம் எந்த வேலையை எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதை அந்தந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கலாம். நிறுவனம் அதைத் தவறவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு ஆணையம் தீர்மானிக்கும் இழப்பீட்டைத் தர வேண்டும். தீர்மானித்த தொகையை 90 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இதற்கு இரண்டு பிரிவு தள்ளி, அதிகம் பேசப்படாத 59-ஆவது பிரிவு வருகிறது. செயல்தரத்தை எந்த அளவுக்கு எட்டினோம், எத்தனை நேர்வுகளில் இழப்பீடு கொடுத்தோம், மொத்தம் எவ்வளவு கொடுத்தோம் என்ற விவரங்களை ஒவ்வொரு நிறுவனமும் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. ஆணையமோ அந்த விவரங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியிட ஏற்பாடு செய்ய வேண்டும். ஆக, சட்டத்தை எழுதியவர்கள் இழப்பீட்டையும் அதன் கணக்கையும் இரட்டைப் பிள்ளைகளாகத்தான் பெற்றார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று உயிர்வாழாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் எந்த வடிவில், எவ்வளவு விவரத்தோடு வெளியிட வேண்டும் என்பதை ஆணையத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே மொத்தத் தொகையை ஏதோ ஓர் அறிக்கையின் பின்னிணைப்பில் போட்டுவிட்டாலும் சட்டத்தின் சொல் நிறைவேறிவிடும். மக்களுக்கு மட்டும் ஒன்றும் விளங்காது.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-ல் தன் செயல்தர விதிமுறைகளை வகுத்தது. பழுது எந்த வகை, இடம் நகரமா கிராமமா மலைப்பகுதியா என்பதைப் பொறுத்து மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டிய நேரம் மாறும். அந்த நேரம் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும், அல்லது அதன் பகுதிக்கும், 50 ரூபாய் என்று அந்த விதிமுறை நிர்ணயித்தது. உச்சவரம்பு 2,000 ரூபாய். மேலே சொன்ன வீட்டுக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். மின்தடை மொத்தம் 20 மணி நேரம். அந்தப் பழுதைச் சரிசெய்யக் கெடு 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் தாமதம் 14 மணி நேரம். இரண்டு முழு ஆறு மணி நேரம், மீதி 2 மணி நேரம் ஒரு பகுதி. மூன்று ஐம்பது, 150 ரூபாய். உச்சவரம்பான 2,000 ரூபாயை ஒரு குடும்பம் எட்ட வேண்டுமென்றால் கெடு முடிந்த பிறகு ஏறத்தாழ 10 நாள் இருட்டில் கிடக்க வேண்டும். அரைத்து வைத்த மாவு புளித்துப் போனதற்கும், பள்ளிப்பிள்ளை தேர்வுக்குப் படிக்க முடியாமல் போனதற்கும், ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு நாள் வருமானத்தை இழந்ததற்கும் 150 ரூபாய் ஈடாகாது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டியிருக்கிறது. இந்தத் தொகையின் மதிப்பு அதை வாங்கிக்கொள்பவரின் பையில் இல்லை. அதைக் கொடுத்தவரின் ஏட்டில் இருக்கிறது.

எப்படி என்று கேட்கலாம். ஒரு கிராமத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. அதிலிருந்து மின்சாரம் பெறும் வீடுகள் 80. மாற்று ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இல்லாததால் வேலை இழுத்துக்கொண்டே போய், மேலே கணக்கிட்ட அதே 14 மணி நேரத் தாமதம் ஆகிறது. 80 வீட்டுக்கும் 150 ரூபாய் வீதம் கொடுத்தால் 12,000 ரூபாய். ஆனால் ஊரில் போன் செய்து புகார் எண் வாங்கியவர் ஒருவர்தான். மற்றவர்கள், “சொல்லியாச்சு, வந்துருவாங்க” என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். புகார் செய்தவருக்கு மட்டும் இழப்பீடு என்று வைத்துக்கொண்டால் 12,000 என்பது 150 ஆகிவிடுகிறது. அந்த ஒருவருக்கும் இழப்பீட்டு விதி தெரியாது, அவர் விண்ணப்பிக்கவில்லை என்றால் 150-ம் சுழியமாகிவிடுகிறது. பிரிவு அலுவலகத்திலிருந்து மேலே போகும் அறிக்கையில் ‘இழப்பீடு: இல்லை’ என்று ஏறும். இப்போது அதே மாவட்டத்தில் இன்னொரு பிரிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆட்கள் போதிய அளவு இருக்கிறார்கள், மாற்று ட்ரான்ஸ்ஃபார்மர் கைவசம் இருக்கிறது, எல்லாப் பழுதையும் கெடுவுக்குள் சரிசெய்துவிடுகிறார்கள். அவர்களுடைய அறிக்கையிலும் ‘இழப்பீடு: இல்லை’ என்றே ஏறும். நன்றாக நடக்கும் அலுவலகமும் சரியாக நடக்காத அலுவலகமும் காகிதத்தில் ஒரே சுழியமாகத் தெரிந்தால், அந்தக் காகிதத்தை வைத்து யார் எதைத் திருத்த முடியும்?

வெளிப்படைத்தன்மை எதற்கு என்ற கேள்விக்கு விடை இந்தச் சுழியத்துக்குள் இருக்கிறது. கொடுத்த தொகையை மட்டும் வெளியிட்டால் போதாது. கொடுத்திருக்க வேண்டிய தொகையையும் அதன் பக்கத்தில் எழுத வேண்டும். கெடு தாண்டிய தடைகள் எத்தனை, அதனால் தகுதி பெற்ற இணைப்புகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு இழப்பீடு போய்ச் சேர்ந்தது, எத்தனைக்கு மறுக்கப்பட்டது, என்ன காரணம் என்று வரிசையாக எழுதினால் சுழியம் பேசத் தொடங்கும். தகுதி 80, கொடுத்தது 0 என்று ஓர் அலுவலகத்தின் கணக்கு காட்டும். தகுதி 0, கொடுத்தது 0 என்று மற்றொன்றின் கணக்கு காட்டும். முதல் அலுவலகத்தின் 12,000 ரூபாய் கண்ணில் பட்ட அன்று, அந்த வட்டத்துக்கு ஒரு மாற்று ட்ரான்ஸ்ஃபார்மரை முன்கூட்டியே வாங்கி வைக்கலாமே என்ற பேச்சு எழும். நிதி கேட்டு மேலே எழுதும் பொறியாளருக்கும் கையில் ஓர் ஆதாரம் கிடைக்கும். இன்று அவர், “எங்களிடம் சாமான் இல்லை” என்று வாயால்தான் சொல்ல முடிகிறது.

இந்தக் கணக்கை எடுப்பது பெரிய வேலை என்று தோன்றலாம். உண்மையில் தேவையான விவரங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே மின் விநியோக நிறுவனத்தின் கைவசம் இருக்கின்றன. வெள்ளை அட்டையில் எழுதியிருக்கும் மின் இணைப்பு எண்ணை எடுத்துப் பாருங்கள். அது வெறும் வரிசை எண் அல்ல. முதலில் மண்டலம், அடுத்து பிரிவு அலுவலகம், அதற்கடுத்து பகிர்மானம், கடைசியில்தான் அந்த வீட்டின் எண். எந்தத் தெருவுக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பது எண்ணிலேயே இருக்கிறது. 2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கும் வேலை நடந்தது. கட்டண விவரம் குறுஞ்செய்தியாகவே வருகிறது. துணைமின் நிலையத்தில் எந்த ஃபீடர் எப்போது நின்றது, எப்போது ஏறியது என்பது பதிவேட்டில் இருக்கிறது. 2021 ஜூனில் தொடங்கிய ‘மின்னகம்’ சேவை மையத்தின் 94987 94987 எண்ணுக்கு அழைப்பு வந்தால் புகார் நேரத்தோடு பதிவாகிறது. தடை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பாதிக்கப்பட்ட இணைப்புகள், அவர்களுக்குச் செய்தி அனுப்பும் வழி ஆகிய நான்கும் தனித்தனி அறைகளில் கிடக்கின்றன. அறைகளுக்கு நடுவில் கதவு வைப்பதுதான் பாக்கி.

மத்திய அரசும் இதே திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. 2020 டிசம்பர் 31 அன்று அறிவிக்கப்பட்ட மின்சார நுகர்வோர் உரிமை விதிகள், தொலைவிலிருந்தே கண்காணிக்கக்கூடிய செயல்தரங்களில் தவறு நேர்ந்தால் இழப்பீடு தானாகவே வழங்கப்பட வேண்டும் என்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் போவது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தடைபடுவது, புதிய இணைப்புக்கு ஆகும் தாமதம், பழுதான மீட்டரை மாற்றாமல் இழுத்தடிப்பது என்று பலவும் அந்தப் பட்டியலில் உள்ளன. இழப்பீடு கோர இணையவழி வசதி வேண்டும் என்றும், அது பற்றிய தகவலை ஊடகம், பில், குறுஞ்செய்தி, இணையதளம் வழியாகப் பரவலாகச் சொல்ல வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. தகவல் சொல்வதையும் கடமையாக்கியதுதான் இதில் முக்கியம். ஏனென்றால் கேட்டால்தான் கிடைக்கும் என்ற உரிமையில் நான்கு படிகள் இருக்கின்றன. உரிமை இருப்பது தெரிய வேண்டும், கெடு எவ்வளவு என்பது தெரிய வேண்டும், எங்கே கேட்பது என்று தெரிய வேண்டும், கேட்க நேரமும் தெம்பும் வேண்டும். 150 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகப் படி ஏற எந்தத் தொழிலாளியால் முடியும்? அங்கே தீராவிட்டால் வட்ட அளவில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் தலைமையில் இருப்பவர் அதே நிறுவனத்தின் மேற்பார்வைப் பொறியாளர். அதற்கும் மேலே சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளர். வழி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொகைக்கும் தொலைவுக்கும் பொருத்தமில்லாத வழி.

வெளிநாடுகளில் இந்தப் படிகளைக் குறைத்தபோது என்ன ஆனது என்று பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நீண்ட மின்தடைக்கு 25 டாலர் கழிவு பல ஆண்டுகளாக இருந்தது. ஆனால் நுகர்வோர்தான் கேட்டு வாங்க வேண்டும். 2023-ல் அந்த மாநிலத்தின் பொதுச்சேவை ஆணையம் விதியைத் திருத்தியது. தொகை 35 டாலராக உயர்ந்தது, அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் இன்னொரு 35 டாலர் சேர்ந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், கேட்காமலே பில்லில் கழிய வேண்டும் என்பது. தொகை கூடியதைவிட இந்த மாற்றம் ஏன் பெரிது? கேட்டால்தான் தருவோம் என்றிருக்கும்வரை, யாருக்கெல்லாம் தர வேண்டும் என்ற பட்டியலை நிறுவனம் தயாரிக்கவே வேண்டியதில்லை. தானாகத் தர வேண்டும் என்றதும் அந்தப் பட்டியல் கட்டாயமாகிவிடுகிறது. பட்டியல் உருவான பிறகு அதை மறைத்து வைக்க நியாயம் சொல்வது கடினம்.

பிரிட்டன் இன்னொரு பாடத்தைத் தருகிறது. அங்கே உத்தரவாதச் செயல்தரம் என்ற பெயரில் இழப்பீட்டு முறை வெகுகாலமாக இருக்கிறது. 2015-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சாதாரண வானிலையில் 12 மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் வீட்டுக்கு 75 பவுண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் 35 பவுண்டு என்று இருந்தது. 2021 நவம்பர் 26 அன்று ‘ஆர்வென்’ புயல் ஸ்காட்லாந்தையும் வட இங்கிலாந்தையும் தாக்கியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்தன. சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரம் கடந்தும் வரவில்லை. புயல்காலத்துக்கான இழப்பீட்டில் இருந்த 700 பவுண்டு உச்சவரம்பை அப்போது நீக்கினார்கள். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விசாரணை நடத்தி, மின் நிறுவனங்கள் எங்கெல்லாம் தவறின, மக்களுக்குத் தகவல் சொல்வதில் என்ன கோளாறு, இழப்பீடு போய்ச் சேருவதில் என்ன தாமதம் என்பதை 2022 ஜூனில் அறிக்கையாக வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். பிரிட்டனிலும் புயல் வந்தால் கம்பம் சாய்கிறது, தவறும் நடக்கிறது. தவறு நடந்த பிறகு அது ஏட்டில் ஏறி, ஊரறிய விவாதிக்கப்பட்டு, அடுத்த முறைக்கான பாடமாகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, பணம் யாருடையது என்பது. தமிழ்நாட்டின் மின் விநியோகம் அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதன் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோது மக்கள் பட்ட சிரமம் மறந்திருக்காது. இந்த நிலையில் இழப்பீட்டைத் தாராளமாகக் கொடுத்தால் அந்தச் சுமை சுற்றிவளைத்து நம் தலையில்தானே விழும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. தனியார் நிறுவனம் என்றால் பங்குதாரரின் லாபத்திலிருந்து கழித்துக்கொள் என்று சொல்லலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 2020-ல் அப்படித்தான் செய்தது. இழப்பீட்டுச் செலவை நிறுவனங்கள் கட்டணத்தில் ஏற்றி வசூலிக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. இங்கே பங்குதாரர் அரசு, அரசின் பணம் மக்கள் பணம். ஆனாலும் அந்த வாதம் ஒன்றை விட்டுவிடுகிறது. மின்தடையின் செலவை மக்கள் இன்றும் சுமக்கிறார்கள். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் டீசலுக்கும் பழுதான மோட்டாருக்கும் அவரவர் தனியாகக் கொடுக்கிறார்கள். அந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் வராததால் அது இல்லாதது போல் தோன்றுகிறது. இழப்பீடு அதில் ஒரு சிறு பகுதியை நிறுவனத்தின் ஏட்டுக்குக் கொண்டுவருகிறது. கட்டண உயர்வு கோரும் மனுவை ஆணையம் விசாரிக்கும்போது, இந்தத் தொகையைச் செலவாக ஏற்காமல் தள்ளிவிட்டு, எந்த வட்டத்தில் இது குவிகிறது என்று கேள்வி கேட்கலாம். தொகை சிறியதாக இருப்பதே இங்கு அனுகூலம். நிறுவனத்தை அது சாய்த்துவிடாது, ஆனால் பழுது எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் இயற்கைச் சீற்றம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரைகடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஊழியர்கள் வந்து, சேற்று வயலில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் 6 மணி நேரக் கெடு பேசுவது மனசாட்சி உள்ளவர் செய்யும் காரியமல்ல. விதிமுறையே புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு தேவையானது. ஆனால் விலக்குக்கும் கணக்கு வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்தப் பகுதிக்கு, என்ன காரணத்தால் விலக்கு பொருந்துகிறது என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது. அறிவிக்காவிட்டால், ஒரு சாயங்கால மழைக்கு மரக்கிளை உரசிப் போன கரண்டும் ‘இயற்கைச் சீற்றம்’ என்ற தலைப்புக்குள் ஒதுங்கிக்கொள்ளும். கிளையை மழைக்காலத்துக்கு முன்பே வெட்டியிருக்க வேண்டும் என்ற கேள்வி அத்தோடு மறைந்துவிடும். பிரிட்டனிலும் மிச்சிகனிலும் பெரும்புயலுக்கு அடியோடு விலக்கு கொடுப்பதற்குப் பதிலாகக் கெடுவை நீட்டுகிறார்கள். புயலின் கடுமை கூடக் கூடக் கெடுவும் நீளும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் பொறுப்பு திரும்ப வந்துவிடும். நாமும் அந்த வழியை யோசிக்கலாம்.

மூன்றாவது எதிர்வாதம் எல்லாவற்றிலும் கனமானது, அது கம்பத்தில் ஏறுகிறவரைப் பற்றியது. பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. நாலு ஊருக்கு ஒரு லைன்மேன் ஓடுகிறார். கெடுவையும் இழப்பீட்டையும் ஊரறியச் செய்தால் அந்த நெருக்கடி கடைசியில் அவர் தலையில்தான் இறங்கும், அவசரத்தில் லைன் ஆஃப் ஆகிவிட்டதா என்று உறுதிசெய்யாமல் கம்பியில் கைவைத்து உயிரை விடுவார் என்கிறார்கள் தொழிற்சங்கத்தினர். இந்த அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வீட்டின் விளக்கு ஓர் ஊழியரின் உயிருக்கு மேலானதல்ல. ஆகவே இரண்டு விஷயங்களைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். இழப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு, எந்தக் களப்பணியாளரின் சம்பளத்திலும் கை வைக்கக் கூடாது. பாதுகாப்புக்காக எடுத்துக்கொள்ளும் நேரத்தை யாரும் தாமதமென்று கேள்வி கேட்கக் கூடாது. இவற்றை உறுதிசெய்துவிட்டால், திறந்த கணக்கு லைன்மேனுக்கு எதிராக இருக்காது, அவருக்குச் சாட்சியாக நிற்கும். எந்தப் பிரிவில் தாமதம் குவிகிறதோ அந்தப் பிரிவில் எத்தனை பணியிடம் காலி என்பதை அதே பட்டியலில் பக்கத்திலேயே அச்சிடலாம். அப்போது கரண்ட் வராத கோபத்தில் அலுவலகத்துக்கு வரும் ஊர்க்காரர், எதிரே நிற்கும் களைத்துப்போன மனிதரைத் திட்டுவதற்கு முன் அந்தக் காலிப் பணியிடங்களையும் பார்ப்பார்.

நான்காவதாக, கணக்கை வெளியிடச் சொன்னால் கணக்கையே திருத்திவிடுவார்கள் என்கிறார்கள். கரண்ட் வருவதற்கு முன்பே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று முடித்துவிட்டால் காகிதத்தில் தாமதமே இருக்காது. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் மூடிய கணக்கை யாராலும் சரிபார்க்க முடியாது, திறந்த கணக்கை ஊரே சரிபார்க்கும். தங்கள் தெருவில் வியாழக்கிழமை ராத்திரி முழுக்க இருட்டாக இருந்தது தெருவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். இணையதளத்தில் அந்தத் தேதிக்கு நேரே ‘2 மணி நேரம்’ என்று இருந்தால் யாராவது ஒருவர் கேட்பார். ரேஷன் கடை வாசலில் அரிசி இருப்பு எவ்வளவு, சர்க்கரை இருப்பு எவ்வளவு என்று பலகை மாட்டுகிறோம். பலகையில் பொய் எழுத முடியாது என்பதல்ல, எழுதினால் வரிசையில் நிற்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்பதுதான் அதன் பலம். ஆளின் கைபடாத பதிவுகளும் பெருகி வருகின்றன. 2021-ல் மத்திய அரசு தொடங்கிய விநியோகச் சீரமைப்புத் திட்டம் நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் பொருத்த இலக்கு வைத்தது. சென்னை தியாகராய நகரில் அவற்றைச் சோதனையாகப் பொருத்திப் பார்த்தார்கள். அந்த மீட்டருக்கு மின்சாரம் எப்போது நின்றது, எப்போது வந்தது என்பது நிமிடக்கணக்கில் தெரியும். யூனிட்டை எண்ணிப் பணம் வாங்க அந்தத் தகவலை நம்பலாம் என்றால், இருட்டை எண்ணிப் பணம் திருப்பித் தரவும் அதையே நம்பலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இப்போதைய முறையைத் திருத்தித்தான் ஆக வேண்டும். இழப்பீட்டைப் பில்லில் கழித்துக்கொள்வது எளிதான வழி. ஆனால் பில்லே இல்லாதவருக்கு எதில் கழிப்பது? தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு இலவச மின்சாரம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கிவிடும் ஏழைக் குடும்பத்தின் கட்டணம் பூஜ்யம். நெல் கதிர்விடும் நேரத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்து ஒரு வாரம் மோட்டார் ஓடாமல் போனால் விவசாயிக்கு ஏற்படும் நட்டம், நகரத்தில் ஏ.சி. ஓடாமல் போனதைவிடப் பல மடங்கு பெரியது. ‘இலவசமாக வாங்குபவருக்கு இழப்பீடு வேறா’ என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கு அது இலவசம், நிறுவனத்துக்கு இலவசமல்ல. அந்த மின்சாரத்துக்கான விலையை அரசு மானியமாக நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. விலை கொடுத்த சேவை வந்து சேரவில்லை என்றால் அதன் ஈடு யார் வயல் காய்ந்ததோ அவருக்கே போக வேண்டும். மகளிர் உரிமைத்தொகையும் முதியோர் ஓய்வூதியமும் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும் காலத்தில் இதற்கு வழியில்லை என்று சொல்ல முடியாது.

ஆக, கேட்க வேண்டியது அதிகமில்லை. 59-ஆவது பிரிவின்படி வெளியிட வேண்டிய விவரத்தை மாநில மொத்தமாக இல்லாமல் பிரிவு அலுவலகம் வாரியாக, தமிழில், ஒவ்வொரு காலாண்டும் வெளியிட வேண்டும். அதில் கெடு தாண்டிய தடைகள், தகுதி பெற்ற இணைப்புகள், இழப்பீடு பெற்றவை, மறுக்கப்பட்டவை, விலக்கின் காரணம் ஆகிய ஐந்து பத்திகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவு அலுவலக வாசலிலும் எந்தப் பழுதுக்கு எவ்வளவு நேரக் கெடு, தாண்டினால் எவ்வளவு தொகை என்ற பலகை தொங்க வேண்டும். கரண்ட் திரும்பியதும் வரும் குறுஞ்செய்தியில், ‘உங்கள் பகுதியில் மின்தடை இத்தனை மணி நேரம், உங்களுக்குரிய இழப்பீடு இவ்வளவு’ என்று ஒரு வரி சேர வேண்டும். மின்சாரப் பில்லில் நாம் கட்ட வேண்டிய தொகைக்குக் கீழே நமக்கு வர வேண்டிய தொகைக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில் சுழியம்தான் இருக்கும். அப்போது அந்தச் சுழியத்துக்கு ஒரே பொருள்தான்: கெடுவுக்குள் கரண்ட் வந்துவிட்டது.

இதையெல்லாம் ஆணையமும் நிறுவனமும் தாமாகச் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதலாம். எங்கள் பிரிவில் கடந்த ஓராண்டில் கெடு தாண்டிய மின்தடைகள் எத்தனை, அவற்றால் பாதிக்கப்பட்ட இணைப்புகள் எத்தனை, இழப்பீடு பெற்ற இணைப்புகள் எத்தனை? இந்த மூன்று கேள்விகள் போதும். ஓர் ஊரிலிருந்து போனால் அது ஒரு மனு. நூறு ஊர்களிலிருந்து போனால், பதில் எழுதுவதற்காகவாவது அந்தக் கணக்கை எடுத்தாக வேண்டும். எடுத்து முடித்த கணக்கை இணையதளத்தில் ஏற்ற அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஆகாது.